மேட்ச்சுக்கு முந்தின மத்தியானம்

அம்மாவின் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட இருநூறு பக்க நோட்டு. அட்டை போய்விட்டது, மண்ணெண்ணெய் வாசனை மட்டும் போகவில்லை. நாளுக்கு ஒரு வரி. அரிசி, உளுந்து, தேங்காய், மண்ணெண்ணெய், எத்தனை இட்லி, கையில் வந்தது எவ்வளவு. சில வரிகளின் ஓரத்தில் மட்டும் ‘மே’ என்று ஒற்றை எழுத்து இருக்கும். சின்ன வயதில் அதை மே மாதம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டிசம்பரிலும் ஜனவரியிலும் எப்படி மே வரும் என்று ஒருநாள் கேட்டேன். “மேட்ச்சுலே” என்றாள் அம்மா.

நாங்கள் பம்பாய் தாராவிக்காரர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, 90 அடி சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் குடியிருந்தோம். எங்கள் சந்தில் பாதி வீடுகளில் இட்லிதான் தொழில். ராத்திரி மாவு, விடிகாலை நாலு மணிக்கு ஆவி, ஆறு மணிக்கு ரப்பர் ஹாரன் வைத்த சைக்கிள்கள் வரிசையாகக் கிளம்பும். மாட்டுங்கா, தாதர், பாந்த்ரா என்று ஆளுக்கொரு வழி இருந்தது. அப்பாவின் வழி கொஞ்சம் நீளம். சயான் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலின் லக்கேஜ் டப்பாவில் அண்டாவையும் சாம்பார்த் தூக்கையும் ஏற்றிக்கொண்டு விடி ஸ்டேஷனுக்கு, அதாவது இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸுக்குப் போவார். அங்கே ஒரு டீக்கடைக்குப் பின்னால் பழைய சைக்கிள் ஒன்று நிறுத்தியிருந்தார். காலையில் ஆபீஸ் ஆட்களுக்கு வியாபாரம், பத்தரைக்கு மேல் ஆசாத் மைதானம். 1991-ல் ஆரம்பித்து, முழங்கால் ஒத்துழைக்காமல் போகும்வரை அவர் அந்த வழியை மாற்றவில்லை.

மைதானத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆசாத் மைதானத்தில் 22 பிட்சுகள் என்று சொல்வார்கள். ஒரு பிட்சின் எல்லைக்கோட்டுக்குள் அடுத்த பிட்சின் ஃபீல்டர் நிற்பார். எந்தப் பந்து எந்த ஆட்டத்துப் பந்து என்று புது ஆளுக்குப் பிடிபடாது. நடுவில் ஓடும் பாதையில் விடி ஸ்டேஷனுக்கும் சர்ச்கேட் பக்கத்துக்கும் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். பள்ளிக்கூடப் பையன்களின் பெரிய போட்டிகள் பலவும் இங்கேதான். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஹாரிஸ் ஷீல்டு, பதினாலுக்கு உட்பட்டவர்களுக்கு ஜைல்ஸ் ஷீல்டு. ஹாரிஸ் ஷீல்டு 1897-லிருந்து நடந்துவருகிறது. 1988 பிப்ரவரியில் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் பிரியாமல் 664 ரன் சேர்த்தது இதன் அரையிறுதியில், இதே மைதானத்தில். 2013-ல் பிரித்வி ஷா ஒரே இன்னிங்ஸில் 546 அடித்ததும் இங்கேதான்.

664 அடித்த ஆட்டம் நடந்தபோது அப்பா இன்னும் அந்தப் பக்கம் வியாபாரத்துக்குப் போக ஆரம்பிக்கவில்லை. ஆனால் அந்தக் கதையை மைதானத்தைப் பராமரிக்கும் மாலிகள் சொல்லிச் சொல்லி அவருக்கு மனப்பாடம். அவர் அதைக் கேட்ட விதமே வேறு. “ரெண்டு பேரு நின்னு ஆடுனா ஒம்போது பேரு உக்காந்து திம்பானுவ” என்பார். உண்மைதான். விக்கெட் மளமளவென்று விழுந்தால் பையன்கள் பேடைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பார்கள், ஆட்டமும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு பேர் நிலைத்து ஆடினால் மற்றவர்கள் கூடாரத்து நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்திருக்கிற பதினாலு வயதுப் பையனுக்கு அரை மணிக்கு ஒரு தடவை பசிக்கும். பந்து போடுகிற அணி எலுமிச்சைத் தண்ணீர்க்காரரைத் தேடும்.

மாணவர் விளையாட்டு நடந்தால் பக்கத்துக் கடைகளுக்கு லாபம் என்று எல்லாரும் பொதுவாகச் சொல்கிறோம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நோட்டை உட்கார்ந்து கூட்டிப் பார்த்த பிறகுதான் அந்த லாபம் எதை நம்பி நிற்கிறது என்பது எனக்குப் புரிந்தது.

ஒரு சீசனை எடுத்துக்கொண்டேன். தீபாவளி விடுமுறை முடிந்ததிலிருந்து பிப்ரவரி கடைசிவரை ‘மே’ போட்ட வரிகள் 31. சாதாரண நாளில் 160 இட்லி, ‘மே’ நாளில் 250, 260. இட்லி ஒரு ரூபாய்க்கு விற்ற காலம். 31 நாளில் சுமார் 3,000 இட்லி கூடுதல், அதாவது 3,000 ரூபாய். அரிசி, உளுந்து, எரிபொருள் எல்லாம் போகப் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மிஞ்சியிருக்கும். எங்கள் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் அப்போது ஏழாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் அக்காவைச் சேர்த்த பள்ளியில் கட்டணம் உண்டு. ஜனவரிக் கடைசியில் ‘அக்கா ஃபீஸ்’ என்று அம்மா எழுதியிருக்கிற தொகை, அதற்கு முந்தைய ‘மே’ நாட்களின் மிச்சத்துக்கு ஏறக்குறையச் சரியாக இருக்கிறது. அக்கா இன்று ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அந்த இரண்டு வரிகளையும் அவளுக்குக் காட்டினேன். நோட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகு நேரம் பேசாமல் இருந்தாள்.

அந்த 31 நாளும் தானாக வந்தவை அல்ல. இட்லி வடாபாவ் மாதிரி கிடையாது, கூட்டத்தைப் பார்த்துவிட்டு அந்த நேரத்தில் இன்னும் பத்துப் போட முடியாது. நாளைக்கு 260 இட்லி வேண்டுமென்றால் இன்று மத்தியானமே அரிசி தண்ணீரில் இருக்க வேண்டும். சாயங்காலம் ஆட்டி, ராத்திரி முழுக்கப் புளிக்கவிட்டு, விடிகாலை வேக வைக்க வேண்டும். அதிலும் பள்ளி கிரிக்கெட் நடப்பது பம்பாயில் கொஞ்சமாவது குளிர் இருக்கிற மாதங்களில். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் மாவு லேசில் பொங்காது. அம்மா அண்டாவைக் கோணிச்சாக்கில் சுற்றி, ஸ்டவ் இருந்த மூலைக்கு நகர்த்தி, மேலே என் பழைய ஸ்வெட்டரைப் போட்டு வைப்பாள். மாவுக்கு ஸ்வெட்டர் போட்ட நாட்களில் எனக்குப் போர்வை மட்டும்தான்.

ஆகவே எங்கள் வீட்டின் பெரிய கேள்வி, நாளைக்கு ஆட்டம் உண்டா இல்லையா என்பதுதான். யார் ஜெயிப்பார்கள் என்பது எங்களுக்கு அப்புறம். ஆட்ட அட்டவணை பள்ளிகளுக்குப் போகும், பயிற்சியாளர்களுக்குப் போகும். அண்டாவோடு மைதான ஓரத்தில் நிற்கிறவருக்கு அதை யார் தருவார்கள்? அப்பாவுக்கு மாலிகள் சொன்னார்கள். பிட்சுக்குத் தண்ணீர் விட்டு, ரோலர் இழுத்து, கூடாரத்திலேயே படுத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். எந்தப் பிட்சை எந்த ஆட்டத்துக்குத் தயார் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு முந்தின நாளே தெரிந்துவிடும். அப்பா பதினொரு மணிக்கு முதல் தட்டை ஒரு மாலிக்குக் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். “கல் தீன் மேட்ச் ஹை, அண்ணா” என்பார் அவர், நாளைக்கு மூன்று ஆட்டம் என்று. அப்பா உடனே விடி ஸ்டேஷன் பக்கத்து எஸ்டிடி பூத்திலிருந்து எங்கள் சந்து முனைக் கடைக்கு போன் போடுவார். கடைக்காரர் அண்ணாச்சி எங்கள் வீட்டு வாசலுக்கு ஒரு பையனை அனுப்புவார். “மூணாம்” என்று மட்டும் அவன் கத்துவான். அம்மா அரிசி டப்பாவை இழுப்பாள்.

அந்த ஒரு வார்த்தை எங்கள் வீட்டோடு நிற்காது. அம்மா ஒரு கிலோ அரிசி கூடுதலாக வாங்கினால் அது சந்து முனைக் கடையில். தேங்காய் மாட்டுங்கா மார்க்கெட்டில். துருவுவதற்குப் பக்கத்து வீட்டு அத்தை, காய்க்கு இவ்வளவு என்று கூலி. அத்தை கிரிக்கெட் பார்த்ததே இல்லை. அவுட் என்றால் என்னவென்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் சாயங்காலமானால் வாசலில் நின்று “நாளைக்கு மேட்ச் உண்டாக்கா?” என்று கேட்பாள். உண்டு என்றால் அவளுக்கு மூன்று காய் கூடுதல். ஆசாத் மைதானத்தில் ஒரு ஸ்கூல் பையன் மத்தியானம் தின்ற நான்கு இட்லியின் காசு, அன்று ராத்திரிக்குள் தாராவியில் நான்கு கைகள் மாறியிருக்கும். கல்லூரியில் வணிகவியல் படித்தபோது இதற்கு என்னவோ பெயர் சொன்னார்கள். எனக்கு அத்தை கையிலிருந்த துருவல்தான் ஞாபகம் வந்தது.

மைதானத்தின் வடக்கே தோபி தலாவ். விளையாட்டுச் சாமான் கடைகளும் கோப்பைக் கடைகளும் அங்கே நிறைய. பள்ளி சீசன் தொடங்கும்போது பெற்றோர் பையனைக் கூட்டிக்கொண்டு பேட் வாங்க வருவார்கள், இறுதிப் போட்டிகள் நெருங்கும்போது கோப்பை ஆர்டர்கள் வரும். பெரிய ரூபாய் புழங்குவது அங்கேதான். ஆனால் பேட்டும் பந்தும் பெரும்பாலும் மீரட்டிலும் ஜலந்தரிலும் செய்து வருபவை. அந்த ரூபாயில் பெரும்பங்கு அங்கே போய்விடும். அது தவறில்லை, அங்கேயும் தொழிலாளிகள்தானே இருக்கிறார்கள். ஆனால் இந்த வட்டாரத்துக்கு என்ன தங்கியது என்று கேட்டால், கடைக்காரரின் கமிஷனையும் கோப்பையில் பெயர் செதுக்குகிறவரின் கூலியையும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். எனக்கு அங்கே பிடித்த ஆள் நடைபாதையில் உட்கார்ந்திருந்த மோச்சி, செருப்புத் தைக்கிறவர். பேட்டிங்குக்கு அடுத்து இறங்க வேண்டிய பையன் வார் அறுந்த பேடைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவான். அவர் மெழுகு தடவிய நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் தைத்துக் கொடுப்பார். அந்தக் காசு முழுக்க அவருடையது.

எந்தக் கிழமையில் ஆட்டம் என்பதும் சின்ன விஷயம் இல்லை. அது ஆபீஸ் வட்டாரம். வேலை நாளில் மத்தியானம் ஒரு மணிக்கு எந்தக் கடையிலும் நிற்க இடம் இருக்காது. அந்த நேரத்தில் இரண்டு அணிப் பையன்கள் முப்பது பேர் வந்து மொய்த்தால் வாடிக்கையாக வரும் குமாஸ்தா எட்டிப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். பையன்களால் வந்ததையும் அவர்களால் போனதையும் கழித்துப் பார்த்தால் சில கடைகளுக்குப் பெரிதாக ஒன்றும் நின்றிருக்காது. ஞாயிற்றுக்கிழமை அப்படியில்லை. மைதானத்தை ஒட்டிய அந்த ஃபோர்ட் வட்டாரம் ஞாயிறன்று வெறிச்சோடிக் கிடக்கும். அன்று வருகிற ஒவ்வொரு பையனும் புது வாடிக்கையாளர். 2020 பிப்ரவரிக் கடைசியிலிருந்து மகாராஷ்டிர அரசு அலுவலகங்களுக்கு வாரம் ஐந்து நாள்தான் வேலை. வங்கிகளுக்கு 2015-லிருந்தே இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை. ஆக, சனிக்கிழமையும் அந்தப் பக்கத்துத் தெருவோரக் கடைகளுக்கு மந்தமான நாள் ஆகிவிட்டது. பள்ளி ஆட்டங்களில் இன்னும் கொஞ்சம் சனிக்கிழமைக்கு வந்தால் யாருக்கும் நஷ்டமில்லாமல் அந்தக் கடைகள் பிழைக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பையன்களுக்கும் வகுப்பு போகாது.

இனி, இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிற ஒரு நாள். எனக்குப் பதினாறு வயது. புறநகரில் ஒரு கல்லூரியில் மூன்று நாள் கல்லூரிகளுக்கு இடையிலான விளையாட்டு விழா. மைதானத்தில் அப்பாவிடம் சாப்பிட்டுப் பழகிய மாணவர் ஒருவர், “எங்கள் காலேஜுக்கு வாருங்கள், முதல் நாள் காலையில் 400 இட்லி போய்விடும்” என்று சொல்லியிருந்தார். பொய் சொல்லவில்லை, ஆசையாகத்தான் சொன்னார். அப்பா கடன் வாங்கி அரிசி எடுத்தார். பக்கத்து வீட்டு ஸ்டவ்வையும் இரவல் வாங்கி ராத்திரி முழுக்க வேலை. அத்தை, அம்மா, அக்கா, நான், யாரும் தூங்கவில்லை. காலை ஏழு மணிக்கு இரண்டு அண்டாவோடு அப்பாவும் நானும் கேட்டுக்குப் போனோம். உள்ளே சாப்பாட்டு ஒப்பந்தம் ஒரே ஆளுக்குக் கொடுத்திருக்கிறது, வெளிச் சாப்பாடு உள்ளே வரக் கூடாது என்றார் வாட்ச்மேன். சரி, வெளியே நிற்கிறோம் என்றோம். பங்கேற்கும் மாணவர்கள் சாயங்காலம்வரை கேட்டைத் தாண்ட முடியாது, அதனால் பயனில்லை என்றார். அந்த மாணவரைத் தேடிப் பிடித்தோம். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

அந்தத் தெருவில் நாங்கள் மட்டும் நஷ்டப்படவில்லை. கேட்டுக்கு எதிரே டயர் பஞ்சர் கடை. கல்லூரிப் பேருந்துகள் கடை வாசலை மறித்து நின்றதால் வண்டி எதுவும் உள்ளே வர முடியவில்லை. மூன்று நாளும் இதே கதிதான் என்று அவர் கையை விரித்தார். உள்ளே ஒலிபெருக்கியும் கைதட்டலும் கேட்டுக்கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள், அத்தனை பேருக்கும் பசி. சுவருக்கு வெளியே ஆறின இட்லி. எழுபதோ எண்பதோதான் தெருவில் விற்றோம். மிச்சத்தைச் சந்து முழுக்கக் கொடுத்தோம். மறுநாள் எல்லார் வீட்டிலும் உதிர்த்த இட்லி உப்புமா. நோட்டில் அன்றைய வரியில் அம்மா எண்ணிக்கை எழுதவில்லை. ‘400’ என்று எழுதிக் கோடு போட்டு அடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

பெரிய விழாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2020-ல் புவனேஸ்வரில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் 2022-ல் பெங்களூரில் நடந்தன. நாட்டின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் வருகிற அப்படிப்பட்ட போட்டிகளில் தங்குமிடம், பேருந்து, சலவை என்று எவ்வளவோ வேலை பிறக்கும். கேட்டும் காவலும் வேண்டும்தான், பிள்ளைகளின் பாதுகாப்பு முக்கியம். சாப்பாட்டில் கவனமும் வேண்டும், ஓடப் போகிற பிள்ளைக்கு வயிறு கெடக் கூடாது. ஆனால் ஒப்பந்தம் கொடுப்பதற்கு முன் அந்த வட்டாரத்தில் யார் யார் சமைக்கிறார்கள் என்று ஒருவர் நடந்து பார்க்கலாம். தண்ணீரையும் பாத்திரத்தையும் பரிசோதித்து, நாலு பேருக்கு உள்ளே ஓர் ஓரம் கொடுக்கலாம். ஒரு வாரம் முன்னால் அட்டவணையைத் தெருவில் ஒட்டலாம். 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுக்களில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளே இருக்க வேண்டும். அந்தக் குழுவின் கையில் மாணவர் போட்டிகளின் தேதிகள் போய்ச் சேர்ந்தாலே போதும். தேதிப் பட்டியலை நகலெடுக்க என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது? அது கைக்கு வராத வீட்டில்தான் 400 இட்லி வீணாகிறது.

போன டிசம்பரில் அக்கா மகனின் ஆட்டத்தைப் பார்க்க ஆசாத் மைதானம் போனேன். பதினாலுக்கு உட்பட்டோர் ஆட்டம், எட்டாவதாக இறங்குகிறவன் அவன். மைதானத்தில் நிறைய மாறியிருக்கிறது. எல்லைக்கோட்டுக்குப் பின்னால் பெற்றோர் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஐஸ் பெட்டி, பழம் நறுக்கிய டப்பா எல்லாம் வீட்டிலிருந்தே வருகிறது. போனில் ஆர்டர் செய்த சாப்பாட்டைக் கொண்டுவந்தவர் ஹெல்மெட்டோடு, எந்தப் பிட்ச் என்று தெரியாமல் பந்துகளுக்கு நடுவே தடுமாறி நின்றார். மாநகராட்சிப் பள்ளி அணி ஒன்று அடுத்த பிட்சில் ஆடியது. அவர்கள் பக்கம் ஒரு நாற்காலிகூட இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் அவர்களும் எங்கள் பையன்களில் பாதிப் பேரும் ஒரே இடத்துக்குத்தான் ஓடினார்கள்.

அங்கே சைக்கிளில் அலுமினிய அண்டா. முப்பது வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. தட்டில் மூன்று இட்லி வைத்து, மேலேயே சட்னியை ஊற்றினார். நான் தமிழில் பேசியதும் நிமிர்ந்து பார்த்தார். “அண்ணாச்சி எங்கே, தாராவியா?” என்று கேட்டார். அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவருக்குத் தெரியவில்லை, தெரிந்திருக்கவும் வழியில்லை. ஆனால் அப்பா சைக்கிள் நிறுத்திய டீக்கடையைச் சொன்னதும், “அந்த இடத்துலதான் நானும் விடுதேன்” என்று சிரித்தார்.

“மேட்ச் உண்டுன்னு முந்தின நாளே எப்படித் தெரியுது?” என்று கேட்டேன்.

பையன்கள் ஐந்தாறு பேர் தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். ஒரு மாலி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. பிட்ச் எண்கள் இரண்டு, அவ்வளவுதான். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு எண் வந்து விழுந்தது. அவர் அதைப் படித்தார், அண்டாவை ஒரு தடவை திறந்து பார்த்தார், வீட்டுக்குப் போன் போட்டார்.

“நாளைக்கு மூணும்மா” என்றார். “அஞ்சு கிலோ ஊறப் போடு. இப்பவே போடு, ராத்திரி குளுரும்.”